சிற்றூர்க் காதல் நாவலில் இழப்பும் குற்றவுணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணையை இழந்த ஒருவர், அந்த இழப்பு நடந்த ஊரிலேயே இருந்துகொண்டு மறுபடி ஒருவரை விரும்பத் தொடங்கும் கதையை எழுத உட்காருபவர்களுக்கான பக்கம் இது. பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரே ஒரு மாதிரிக் கதையைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்.

ஊர் அம்பாசமுத்திரம். அவளுக்கு வயது 31. வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். ஏழு வயதில் மகன், கூடவே மாமியார். கணவன் இறந்து இரண்டரை வருஷம். ஒரு புரட்டாசி இரவில், மழை விட்ட கொஞ்ச நேரத்தில், பாபநாசத்திலிருந்து திரும்பும்போது பைக் சறுக்கி விழுந்தவன். ‘பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரியே வந்துருங்க’ என்று போன் பண்ணியது அவள். அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் கணவனின் நண்பன், அவனைவிட ஒரு வயது இளையவன். விபத்துக்கு எட்டு நாள் முன்னால் பின் டயரைத் தடவிப் பார்த்து, ‘தீபாவளி வரைக்கும் ஓடும், அப்புறம் மாத்திக்கிடலாம்’ என்று சொன்னவன்.

நாவல் தொடங்குவது பங்குனியில்.

இது துக்கக் கதையா, காதல் கதையா? எதை முதலில் வைப்பது?

காதல் கதை. வாசகர் அதற்காகத்தான் வருகிறார். ஆனால் முதல் அத்தியாயத்தில் இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இறந்தவனும் அங்கே இருக்க வேண்டும். சாவுக் காட்சியை முன்கதையாக எழுதி முதலில் ஒட்டாதீர்கள். முன்பின் தெரியாதவன் செத்தால் வாசகருக்கு அழுகை வராது. அவள் அவனுடைய சட்டையை மகனுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறாள், அளவு குறித்த சீட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது. இந்த அளவு போதும்.

குற்றவுணர்வை எப்படிக் கட்டுவது? ‘என்னால்தான் எல்லாம்’ என்று அழவைத்தால் செயற்கையாக இருக்கிறதே?

செயற்கையாகத்தான் இருக்கும். குற்றவுணர்வுக்கு நாள், நேரம், வாயிலிருந்து வந்த சொல், முடிந்தால் ஓர் அளவும் வேண்டும். ‘அவனை நான் கவனிக்கவில்லை’ என்பது யாருக்கும் பொருந்தும். ‘தீபாவளி வரைக்கும் ஓடும்’ என்பது இந்த மெக்கானிக் ஒருவனுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அளவு எப்படி உதவும் என்று பாருங்கள். இந்திய மோட்டார் வாகன விதிப்படி இருசக்கர வண்டி டயரின் மேல்வரிப் பள்ளம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். இந்தக் கதையில் அந்தப் பின் டயரின் பள்ளம் 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சட்டத்தின் கணக்கில் அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் ஈரத்தில் டயருக்கு அடியிலிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான் என்று மெக்கானிக்குக் கைவிரலில் தெரியும். சட்டம் விடுவித்த பிறகும் அவனால் தன்னை விடுவிக்க முடியாது. நாவல் முழுக்க அந்த 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் ஓடப்போகிறது.

விபத்துக்குக் காரணம் ஒன்றாக இருக்கக் கூடாது, குறைந்தது மூன்று வேண்டும். இங்கே ஈரத் தார்ச்சாலை, தேய்ந்த டயர், அவளுடைய போன் வந்ததால் வந்த வேகம். அன்றைக்குக் கணவன் காலையிலிருந்து தூங்கவில்லை என்ற நான்காவதை மாமியாரிடம் கொடுக்கலாம். அதிகாலையில் அவனை எழுப்பிக் கோயிலுக்கு அனுப்பியது அந்த மாமியார்தான். ‘டயரை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பானா?’ என்ற கேள்விக்கு எழுத்தாளருக்கே விடை தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால், ஒன்று அவன் குற்றவாளி, இல்லையென்றால் வீணாக அழுகிறவன். இரண்டிலும் கதை படுத்துவிடும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்கிறார்களே, அந்த வரிசையில் அத்தியாயம் பிரிக்கலாமா?

வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் 1969-இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை வைத்து. இருப்பவர்களின் துக்கத்துக்கு அதைப் பின்னால் நீட்டிக்கொண்டார்கள். ஏணிப்படி மாதிரி யாரும் ஏறிப்போவதில்லை.

எழுதுபவருக்கு அதைவிடக் கைகொடுப்பது மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த ஊசலாட்டக் கருத்து. துக்கப்படுபவர் ஒரு பொழுது இழப்புக்குள் போகிறார், அடுத்த பொழுது கரண்டு பில், பிள்ளையின் பரீட்சை என்று வெளியே வருகிறார், திரும்ப உள்ளே போகிறார். காட்சிகளை இப்படி அடுக்கினால் நடை தானாக அமையும். ஒன்றில் அவள் பழைய பீரோவைத் திறக்கிறாள், அடுத்ததில் ஹூக்கு வைக்க மறந்த ரவிக்கைக்காக வாடிக்கைக்காரியிடம் திட்டு வாங்குகிறாள். அவன்மேல் மனம் சாயும் காட்சிகளை இரண்டாவது வகையில் வையுங்கள். துக்கத்தின் நடுவே காதல் வந்தால் அது ஆறுதல் தேடியதாகத் தெரியும். வேலையின் நடுவே வந்தால் விருப்பமாகத் தெரியும்.

ஏன் இரண்டரை வருஷம்? ஆறு மாதத்தில் தொடங்கினால் என்ன?

தொடங்கலாம், ஆனால் அப்போது கதை ஊரின் வாயைப் பற்றியதாக மாறிவிடும். முதல் வருஷம் முழுக்கச் சடங்கும் தாளும்தான். துட்டி (சாவுத் துக்கம்) கேட்க வருபவர்கள், பதினாறாம் நாள் காரியம், பண்டிகை இல்லாத ஒரு வருஷம், தலைத்திவசம். ஐந்து வருஷம் தாண்டினால் வேறு சிக்கல்: இத்தனை நாள் இவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று வாசகர் கேட்பார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நல்லது.

துக்கம் எப்போது நோயாகிறது என்று ஒரு பாத்திரம் கேட்டால் தப்பாக எழுதிவிடாதீர்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியல் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. நாள் கணக்கு மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல் போயிருக்க வேண்டும். நம் நாயகி தைக்கிறாள், சமைக்கிறாள், கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கு நோயில்லை.

ஊரை எப்படிக் கொண்டுவருவது? ஆறு, வயல், டீக்கடை எல்லாம் போட்டாயிற்று, இன்னும் படம் போலத்தான் இருக்கிறது.

காட்சியைக் குறைத்து நாட்காட்டியைக் கொண்டுவாருங்கள். சிற்றூரில் துக்கம் நாள் பார்த்து வரும். மாதிரிக் கதைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நாட்காட்டியே பாதி வேலையைச் செய்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு அந்தந்தக் குடும்பம் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போவது இங்கே கட்டாயம். பிழைக்கப் போனவர்களும் அன்று வந்துவிடுவார்கள். அவள் யாருடைய சாஸ்தா கோயிலுக்குப் போவாள்? கணவன் இல்லாவிட்டாலும் அவன் வீட்டுச் சாஸ்தாதான். மறுமணம் செய்தால் அடுத்த பங்குனியில் வேறு கோயில். இந்த ஒரு கேள்வியே முதல் அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் போதும். மறுமணத்தின் எடையைச் சொல்ல இதற்குமேல் வசனம் தேவைப்படாது.

அடுத்து சித்திரை விசு. பிறகு ஆனியில் சாரல் தொடங்கும், அணை திறந்து கார் பருவ நடவு நடக்கும். ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கப் பாபநாசம் படித்துறையில் கூட்டம் நெரியும். அவளும் மகனோடு போயாக வேண்டும், அதுவும் அவன் கடைசியாக வந்த அதே சாலை வழியாக. புரட்டாசியில் மூன்றாவது திவசம். ஐப்பசியில் தீபாவளி, ‘தீபாவளி வரைக்கும் ஓடும்’ என்ற சொல் வருஷாவருஷம் அவனுக்குத் திரும்பக் கேட்கும் நாள். கார்த்திகையில் ஆறு பெருகும். தை அமாவாசை, மறுபடி பங்குனி. ஒரு சுற்று முடிந்துவிட்டது.

மற்ற சமூகத்துக் குடும்பமானால் இந்தக் கணக்கை அப்படியே மாற்ற வேண்டும். இஸ்லாமியக் குடும்பத்தில் கணவனை இழந்தவள் இத்தா என்னும் காத்திருப்பில் இருப்பது 4 மாதம் 10 நாள் (கருவுற்றிருந்தால் பிரசவம் வரை). கத்தோலிக்கக் குடும்பத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு இந்து வீட்டுச் சடங்கை அப்படியே வைப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள்?

இந்த வகை நாவலில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. பெரும்பாலோர் இதை யோசிக்காமலே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

மெக்கானிக் கணவனைவிட இளையவன், ஆகவே அவளை ‘மதினி’ (அண்ணி) என்பான். பேச்சில் அது ‘மைனி’. அவள் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டிருந்தால் கதவு பாதி சாத்தியாயிற்று. ‘அண்ணே’ என்று வைத்துவிட்டீர்களோ, முழுக்கச் சாத்தியாயிற்று: உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் அதற்குமேல் அந்தக் காதலை ஏற்க மாட்டார்கள், எத்தனை அழகாக எழுதினாலும். ஆகவே முதல் வரைவிலேயே முடிவெடுங்கள். அவள் அவனை எந்த முறையும் சொல்லாமல், ‘இந்தாங்க’, ‘உங்களத்தான்’ என்றே பேசிவந்தவள் என்பது தோதான ஏற்பாடு. மகன் ‘சித்தப்பா’ என்பான். அந்தச் சொல்லுக்கு ஊர் வழக்கில் அப்பாவின் தம்பி, சித்தியின் கணவன் என்று இரண்டு பக்கம் உண்டு, பின்னால் பயன்படும்.

மாற்றத்தை மூன்று படியாக வையுங்கள். முதலில் அவன் ‘மைனி’ என்று சொல்வது குறைகிறது. பிறகு எந்த விளியும் இல்லாத ஒரு காலம், வாக்கியங்கள் மொட்டையாகத் தொடங்கும். இது பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் நீளலாம். அவசரமான ஒரு நேரத்தில், எல்லோர் முன்னாலும், பெயர் வாய் தவறி வந்துவிடுகிறது. அவளுக்கு முன்பாக மாமியார் தலை நிமிர்கிறாள். காதலைச் சொல்லும் காட்சி அதுதான், தனியாக இன்னொன்று எழுத வேண்டாம்.

இறந்த கணவனை அவள் எப்படிக் குறிப்பிடுவாள் என்பதையும் கவனியுங்கள். நெல்லைப் பேச்சில் ‘அவிய’ (அவர்). பெயர் சொல்ல மாட்டாள். மெக்கானிக்கிடம் பேசும்போது ஒரு நாள் ‘உங்க சேக்காளி’ (நண்பன்) என்று மாறினால், அவனை இருவருக்கும் பொதுவாக்கிவிட்டாள் என்று பொருள்.

வட்டார வழக்கு எவ்வளவு?

வசனத்தில் மட்டும், அதிலும் வாக்கியத்துக்கு ஒரு சொல். ‘ஏல’, ‘வே’, ‘அங்கன’, ‘ஏட்டி’ எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டினால் நகைச்சுவையாகிவிடும். கதைசொல்லியின் மொழி பொதுத்தமிழில் இருக்கட்டும்.

டயர் பற்றி அவளுக்குத் தெரியாத உண்மை எப்போது வெளிவர வேண்டும்?

40 அத்தியாயம் என்றால் 22-க்கும் 26-க்கும் நடுவில். 35-இல் வைத்தால் மன்னிப்புக்கு இடமிருக்காது, மிஞ்சிய ஐந்து அத்தியாயத்தில் அவசர அவசரமாகச் சமாதானம் செய்ய வேண்டிவரும். 10-இல் வைத்தால் காதல் முளைப்பதற்கு முன்பே வாடிவிடும்.

அதற்கு முன் அவன் மூன்று முறை சொல்ல முயல வேண்டும். முதல் முறை யாரோ வந்துவிடலாம், இரண்டாவது முறை பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், அந்த அளவு தற்செயலை வாசகர் பொறுப்பார். மூன்றாவது முறை எந்தத் தடையும் இருக்கக் கூடாது. சொல்ல வாய்ப்பிருந்தும் அவன் சொல்லாமல் விடுகிறான், ஏனென்றால் அன்று அவள் சிரித்தாள். அவள் பின்னால் கோபப்படுவது டயருக்காக இருக்காது, அந்த மூன்றாவது முறைக்காக இருக்கும். டயரை அவள் சில அத்தியாயங்களில் மன்னித்துவிடுவாள்.

எப்படி வெளிவரும்? டைரி, கடிதம், குடிகாரனின் உளறல் மூன்றும் தேய்ந்துபோனவை. ஒர்க்‌ஷாப்பில் சிட்டைப் புத்தகம் இருக்கும். வண்டி எண், தேதி, செய்த வேலை, பாக்கி. மகனின் பள்ளித் திட்டத்துக்குப் பழைய தாள் கேட்டுப் போகும்போது அது கைக்குக் கிடைக்கலாம். அதில் ‘பின் டயர் – அடுத்த தடவ’ என்று எழுதியிருக்கும். தேதியைப் பார்த்து எட்டு நாள் என்று அவள் கணக்குப் போட்டுக்கொள்வாள்.

போலீஸ், சட்டம்: எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்?

தப்பில்லாமல் இருந்தால் போதும், விளக்கம் வேண்டாம். விபத்துச் சாவென்றால் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. வண்டி காவல் நிலையத்தில் நிற்கும், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வரும். கவனக்குறைவால் சாவு என்பதற்கு, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106. நம் மெக்கானிக்கை எதிலும் யாரும் சேர்க்கவில்லை. அதுதான் அவன் சிக்கல். தண்டனை கிடைத்திருந்தால் முடிந்து போயிருக்கும்.

இன்சூரன்ஸிலும் கதை இருக்கிறது. எதிரே வண்டி இல்லாமல் தானாகச் சறுக்கி விழுந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் ஓட்டியவர் குடும்பத்துக்குப் பணம் வராது. உரிமையாளர் விபத்துக் காப்பு என்று தனியாக 15 லட்சம் ரூபாய்க்கு இருந்தால் வரும். அதைப் புதுப்பிக்க மறந்தது யார் என்பதை மாமியார், மருமகள் இருவரில் ஒருவர் தலையில் வையுங்கள்.

மறுமணம் செய்தால் கணவன் வழிச் சொத்து போய்விடுமா?

நாவல்களில் வரும் பெரியவர்கள் அப்படித்தான் மிரட்டுவார்கள். மிரட்டட்டும், ஆனால் எழுத்தாளர் நம்பிவிடக் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவனின் தனிச்சொத்து மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். அவள் பங்கு அப்போதே அவளுடையதாகிவிட்டது. பிறகு மறுமணம் செய்ததால் அது பறிபோகாது. வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம், விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில்.

திருமணத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கட்டாயம். வேறு மதத்தவர் என்று கதை வைத்தால் சிறப்புத் திருமணச் சட்டம் வரும். அதில் 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். சின்ன ஊரில் பத்திரம் பதியப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைப் படிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அவள் இழப்பை விட்டு நகர்வதை எப்படிக் காட்டுவது?

ஊரில் யாரும் ‘விட்டுவிடு’ என்று சொல்வதில்லை. ‘எத்தன நாளைக்கி இப்படியே இருப்ப?’ என்றுதான் கேட்பார்கள். அதற்கு வசனத்தில் பதில் சொல்லாமல் கையால் செய்யும் வேலையில் பதில் வையுங்கள்.

சிறியவை நிறைய உண்டு. குடும்ப அட்டையில் அவன் பெயரை நீக்குவது. அவன் செல்போன் எண்: 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகலாம், ஆகவே அவள் அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவருகிறாள். பொதுவாக 120 நாள் திறக்காத வாட்ஸப் கணக்கு அழிக்கப்படும். அவன் அனுப்பிய குரல் பதிவுகள் அவள் போனில் அப்படியே இருக்கும். ஒரு மாதம் ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டாள், மறந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது என்று எழுதினால், ஒரு பக்கம் அழுகையை மிச்சப்படுத்தலாம்.

பெரியது வண்டி. தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையில் நிற்கிறது. உண்மை வெளிவந்து, பேச்சு நின்று, பல வாரம் கழித்து அவள் ஆள் அனுப்பி அவனை வரச்சொல்கிறாள்: வண்டியை ஓடவைக்க வேண்டும். இதை இரண்டு அத்தியாயமாக விரித்து எழுதுங்கள், வேலை வரிசை பிசகாமல்.

மூன்று வருஷம் போல நின்ற வண்டியில் பேட்டரி செத்திருக்கும், சார்ஜ் போட்டாலும் நிற்காது, புதிது வேண்டும். டாங்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். வடித்துக் கொட்டிவிட்டு உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியென்றால் பெரும்பாலும் கார்புரேட்டர், ஜெட் துளைகளில் பிசின் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவ வேண்டும். பின் பிரேக் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தி பிஸ்டன் நகர்கிறதா என்று பார்த்த பிறகே உதைக்க வேண்டும். எடுத்தவுடன் உதைத்தால் உலர்ந்த சிலிண்டரில் கோடு விழும். எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர் அளவில். வளைந்த ஹேண்டில்பார், உடைந்த முகப்பு விளக்கு. எல்லாம் முடிந்து கடைசியில் அந்தப் பின் டயர். அவன் அதைக் கழற்றி, அவள் முன்னால் வெர்னியர் வைத்து அளக்கிறான். ஒன்று. எண்ணை மட்டும் சொல்லட்டும், 0.8 பற்றி வாய் திறக்கக் கூடாது. அதை அவள் வேறு யாரிடமாவது பின்னால் தெரிந்துகொள்ளட்டும்.

வண்டி ஓடிய பிறகு என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். விற்பதென்றாலும் வைத்துக்கொள்வதென்றாலும் முதலில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை அவள் பெயருக்கு மாற்ற வேண்டும். அவளே ஓட்டக் கற்றுக்கொள்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

மாமியாரை வில்லியாக்கலாமா?

ஆக்கினால் எழுத எளிது, நாவல் மெலிந்துவிடும். மருமகளுக்கு இன்னொரு கணவன் கிடைக்கலாம், அவளுக்கு இன்னொரு மகன் கிடைக்க மாட்டான். அவள் எதிர்ப்பின் காரணம் மானமாக இல்லாமல் பயமாக இருக்கட்டும்: பேரனும் போய்விடுவான், வீட்டில் அடுப்பு ஒரு ஆளுக்காக எரியும். சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். மெக்கானிக் வந்த அன்று நாலு டம்ளர் காப்பி கலந்தாள் என்பது போதும்.

வேறு என்னென்ன தவறு வரும்?

இறந்தவனைக் குடிகாரனாகவோ கொடுமைக்காரனாகவோ காட்டி மறுமணத்துக்கு வழிவிடுவது. அவன் நல்லவனாக இருந்தால்தான் கதைக்கு வேலை. கனவில் வந்து அவன் ஆசி வழங்குவது. நாயகனும் ஒரு விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்து கணக்கை நேர் செய்வது. பிள்ளை பெரிய மனிதர் போல ‘அம்மா, நீங்க கல்யாணம் பண்ணிக்கோங்க’ என்பது; ஏழு வயதுப் பையனுக்குச் சைக்கிள் செயின் கழன்றதுதான் பெரிய பிரச்சினை. பூ, பொட்டு வைத்துவிடும் காட்சி வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் கடைசிக் காட்சியாக வேண்டாம்.

எத்தனை சொற்கள்? தொடராகப் போடலாமா?

50,000 முதல் 60,000. அத்தியாயம் 1,250 முதல் 1,500 சொல். தொடராகப் போட்டால் வாரம் இரண்டு, குறைந்தது 12 அத்தியாயம் கையில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உண்மை வெளிவரும் அத்தியாயத்துக்குப் பிறகு ‘சீக்கிரம் சேர்த்துவையுங்கள்’ என்று வாசகர் நெருக்குவார்கள். அடுத்த ஆறு அத்தியாயத்தை அதற்கு முன்பே முடித்து வைத்திருந்தால் வளைந்துகொடுக்க வேண்டியிராது.

முடிவில் திருமணம் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டியதில்லை. மாதிரிக் கதைக்குத் தோதான கடைசி நாள் அடுத்த பங்குனி உத்திரம். வேனில் ஆறு பேர், பொங்கல் பானை, அரிசி மூட்டை. முதலில் மெக்கானிக் வீட்டுச் சாஸ்தா கோயிலா, இறந்தவன் வீட்டுச் சாஸ்தா கோயிலா என்று டிரைவர் கேட்கிறார். யார் பதில் சொல்வது என்று முடிவு செய்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள். மாமியார் சொன்னால் ஒரு நாவல், பையன் சொன்னால் இன்னொரு நாவல்.